புள்ள பாக்குற வீடும் பதினாலு நாளும்

கொரோனாக் காலத்து அரசு ஆணைகளை இப்போது எடுத்துவைத்துப் படித்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. அவற்றை எழுதியவர்களின் தலைக்குள் ஒரு வீடு இருந்திருக்கிறது. அந்த வீட்டில் ஒரு அறை காலியாகக் கிடக்கிறது. அறையை ஒட்டிக் கழிப்பறை. சன்னல் இருக்கிறது, சன்னலில் காற்று வருகிறது. நோயாளி உள்ளே படுத்துக்கொள்கிறார். வாசல்படியில் தட்டை வைத்துவிட்டு வீட்டம்மா நகர்ந்துகொள்கிறார். 2020 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வீட்டுத் தனிமை வழிகாட்டுதலில் இந்த வீடு அப்படியே இருக்கிறது: காற்றோட்டமான தனி அறை, கூடுமானால் அதோடு சேர்ந்த கழிப்பறை, அதே அறையில் இன்னொருவர் தங்கியே ஆகவேண்டுமென்றால் ஒரு மீட்டர் இடைவெளி.

ஒரு மீட்டராம்! எங்கள் வீடுகளில் பாயோடு பாயை ஒட்டிப் போட்டால்தான் கதவைச் சாத்த முடியும்.

ஒற்றை அறையில் எப்படித் தனிமை என்பதை அப்போதே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். தொலைக்காட்சி விவாதத்தில் கோட்டு போட்டவர்கள்கூட உச்சுக்கொட்டினார்கள். நான் கேட்க வந்தது அதற்கடுத்த கேள்வி. அந்த ஒற்றை அறைக்குள் குடும்பத்தோடு சேர்ந்து தெருப் பிள்ளைகளும் இருந்தார்கள் என்றால் என்ன விதி? கூலிக்குப் போகிற தாய்மார்களின் பிள்ளைகளைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்கிற வீட்டில் ஒருத்தருக்கு நோய் வந்தால் யார் யாரைத் தனிமைப்படுத்துவது, எத்தனை நாள், அந்த நாட்களுக்குக் கஞ்சி யார் ஊற்றுவது? இதற்கு எந்த ஆணையிலும் ஒரு வரிகூடக் கிடையாது. தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

முதலில், இப்படி ஒரு வீடு உண்டா என்று கேட்கிறவர்களுக்கு. கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளிலிருந்து பெயர்த்தெடுத்துக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஊருக்கு வெளியே கொண்டுபோய் அடுக்கிவைத்தார்களே, அந்தமாதிரிக் குடியிருப்புகளில் பிளாக்குக்கு ஒரு வீடாவது இருக்கும். நகரத்துக்குள் இருந்தபோது நடந்துபோன வேலைக்கு இப்போது இரண்டு பஸ் மாறவேண்டும். காலையில் ஆறு மணிக்குத் தெருக் கூட்ட நிற்கவேண்டியவள் நாலரைக்கே எழுந்தாக வேண்டும். அங்கன்வாடி திறக்கிற நேரத்துக்கு அவள் அரைநாள் வேலையை முடித்திருப்பாள். அந்த நேரத்தில் பிள்ளையை யார் கையில் கொடுப்பது? பக்கத்து வீட்டு ஆயா கையில்தான். (சென்னையில் ஆயா என்றால் பாட்டி, பால்வாடியில் வேலை செய்கிறவளும் ஆயா. உறவுக்கும் வேலைக்கும் ஒரே சொல். அதில்தான் சூதே இருக்கிறது. உறவென்று சொல்லிவிட்டால் கூலி கொடுக்க வேண்டாம் பாருங்கள்.)

அதுவும் கொரோனாக் காலத்தில் இந்த வீடுகள் பட்ட பாடு கொஞ்சமா? அங்கன்வாடிகளை 2020 மார்ச்சிலேயே மூடிவிட்டார்கள். அரிசி, பருப்பு, முட்டை என்று வீட்டுக்குக் கொடுத்தார்கள், சரி. பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவரையும் சேர்த்துக் கொடுத்தார்களா? தமிழ்நாட்டில் மழலையர் விளையாட்டுப் பள்ளியும் எல்.கே.ஜி., யூ.கே.ஜி.யும் திறப்பதற்கு 2022 பிப்ரவரி 16 ஆகிவிட்டது. கிட்டத்தட்ட இரண்டு வருடம். இந்த இரண்டு வருடத்தில் குப்பை அள்ளுகிற வேலை ஒருநாள் நின்றதா? ஆஸ்பத்திரி வார்டைக் கழுவுகிற வேலை நின்றதா? 2020 மார்ச் 22-ஆம் தேதி மாடியில் நின்று கைதட்டினார்கள், தட்டைத் தட்டினார்கள். அதே வருடம் துப்புரவுப் பணியாளர் என்பதைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றிவைத்தார்கள். வேலைக்கு வா என்றார்கள். பிள்ளையை எங்கே விட்டுவிட்டு வருவாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம், பதில் அவர்களுக்குத் தெரியும். எங்களில் ஒருத்தி பார்த்துக்கொள்வாள்.

எங்கள் சின்னம்மா அப்படி ஒருத்தி. ஐந்து பிள்ளைகள். மூத்ததற்கு ஐந்து வயது, கடைசிக்கு ஒன்றரை. தாய்மார்களில் இரண்டு பேர் ஒப்பந்தத் துப்புரவு வேலை. ஒருத்தி ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்குகிறவள். ஒருத்தி கம்ப்யூட்டர் கம்பெனியில் கக்கூஸ் கழுவுகிறவள். இன்னொருத்தி அடுக்குமாடி வீட்டில் சமையல். ஒரு பிள்ளைக்கு மாசம் தொள்ளாயிரம் ரூபாய். கொடுக்க முடியாத மாசம் கொடுக்கமாட்டார்கள், சின்னம்மாவும் வாயைத் திறக்காது.

2021 மே மாசம் சித்தப்பாவுக்குக் காய்ச்சல். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். மூன்றாவது நாள் 'பாசிட்டிவ்' என்று செய்தி வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசைகட்டி நின்ற நாட்கள் அவை. மூச்சு நன்றாக இருக்கிறது, வீட்டிலேயே இருக்கட்டும் என்றார்கள். போனில் ஒரு பெண் கேட்டது: "தனி ரூம் இருக்காங்க? தனி பாத்ரூம் இருக்காங்க?" சின்னம்மா சொன்னது: "தனி ரூம் இருந்தா நாங்க ஏம்மா இங்க இருக்கோம்?" அந்தப் பெண் ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு, "இருக்குன்னு போட்டுக்கறேங்க" என்றது. பாவம், அதற்கும் முன்னால் ஒரு படிவம். இருக்கு, இல்லை என்று இரண்டே கட்டம். இல்லை என்று போட்டால் படுக்கை கொடுக்கவேண்டும், படுக்கை இல்லை.

அதற்குப் பிறகு போன் பிடித்துக் கேட்டவன் நான். கேள்விகள் ரொம்பச் சாதாரணம். நேற்று வரை இந்த வீட்டில் இருந்த ஐந்து பிள்ளைகளும் 'தொடர்பில் இருந்தவர்கள்' கணக்கில் வருவார்களா? வருவார்கள் என்றால் அவர்களுடைய தாய்மார்கள்? சின்னம்மாவுக்கு நோய் இல்லை என்று வந்தால் அது பிள்ளைகளின் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாமா? வழிகாட்டுதல்படி நோயாளிக்கு இருபத்துநாலு மணி நேரமும் ஒருத்தர் துணை இருக்கவேண்டும், அதுவும் சின்னம்மாதானே? எத்தனையாவது நாள் மறுபடியும் பிள்ளைகளை வரச் சொல்லலாம்?

மூன்று பேரைக் கேட்டேன், மூன்று பதில். உதவி எண்ணில் பேசியவர், ஒரு மீட்டருக்குள் நெருங்கி இருந்தால் தொடர்புதான், ஐந்து குடும்பமும் பதினாலு நாள் வெளியே வரக்கூடாது என்றார். ஐந்து குடும்பம் என்றால் இரண்டு பேர் துப்புரவு வேலை, ஒருத்தி ஆஸ்பத்திரி வேலை. அவர்களை விடமாட்டார்களே என்றேன். "அது அவங்க டிபார்ட்மெண்ட்ல கேக்கணும்." எங்கள் பகுதிக்கு வந்த சுகாதாரப் பணியாளர், "புள்ளைங்க ராத்திரி தங்குனாங்களா? தங்கலன்னா அந்த வீட்டு ஆளுங்க இல்ல, விடுங்க" என்றார். தெருவில் கணக்கெடுக்க வந்த பையன், படித்த நம் பையன்தான், குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அண்ணே, யாருக்கும் சொல்லாதீங்க. பத்து நாள் கழிச்சி திறந்துக்கோங்க" என்றான். இதில் எதைப் பிடித்துக்கொள்வது?

ஒரு மீட்டர் விதியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை வயசுப் பிள்ளையை ஒரு மீட்டர் தள்ளி வைத்து எப்படிச் சோறு ஊட்டுவது? ஐந்து வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்கு முகக்கவசம் வேண்டாம் என்று 2021 ஜூனில் மத்திய அரசின் சுகாதாரச் சேவைகள் இயக்ககம் சொன்னது. மருத்துவ ரீதியாக அது சரிதான். ஆனால் கவசம் போடாத பிள்ளையை இடுப்பில் வைத்திருப்பவள் யார் என்று யோசித்தீர்களா? அவள் தொழிலே தொடுவது. தொடாமல் செய்ய முடியாத வேலைகளை எல்லாம் ஒரு பக்கமாக அடுக்கிப் பாருங்கள்: பிரசவம் பார்ப்பது, பிள்ளை கழுவுவது, பீ அள்ளுவது, பிணம் தூக்குவது. யார் செய்கிறார்கள் என்று நான் எழுதவேண்டியதில்லை.

எண்களுக்கு வருகிறேன். 2020 மே மாசத்து வழிகாட்டுதலில் வீட்டுத் தனிமை 17 நாள். ஜூலையில் அது 10 நாளாகி, கூடவே 7 நாள் தன்னைத்தானே கவனித்துக்கொள்ளவேண்டும் என்றானது. 2022 ஜனவரியில் 7 நாள். நோயைப் பற்றிய அறிவு வளர வளர நாள் குறையத்தான் வேண்டும். அதை நான் கிண்டல் செய்யவில்லை. கொரோனாவே பொய் என்று திரிந்த கூட்டத்துக்கு இந்தக் கட்டுரையைத் தூக்கிக் கொடுக்கவும் மாட்டேன். சித்தப்பாவோடு மூட்டை தூக்கிய இரண்டு பேர் அந்த மே மாசத்தில் செத்தார்கள். நான் சொல்வது, மாறிய எண் எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை. முதல் அலையில் கதவில் ஒட்டிய காகிதத்தில் எழுதியிருந்த பதினாலுதான் கடைசிவரை சட்டம். நோயாளிக்கு எத்தனை நாள், கூட இருந்தவருக்கு எத்தனை நாள், எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது — காய்ச்சல் வந்த அன்றா, மூக்கில் குச்சி விட்ட அன்றா, முடிவு வந்த அன்றா — எல்லாம் அந்தப் பதினாலுக்குள் கரைந்துபோனது. குடும்பத்தில் ஒவ்வொருத்தருக்காக வந்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. சின்னம்மா வீட்டில் சித்தப்பாவுக்குப் பிறகு மகனுக்கு வந்தது. ஆக முப்பது நாள் கதவு சாத்தியே கிடந்தது. நாலாயிரத்து ஐந்நூறு போச்சு. குழுக்கடன் தவணை நிற்குமா? வாரம் தவறாமல் போன் வந்தது.

பிள்ளைகள் என்ன ஆனார்கள்? ஏ பிளாக்கிலிருந்து ஒரு கிழவி இரண்டைப் பார்த்துக்கொண்டது. சமையல்காரப் பெண்ணை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சின்னம்மா வீட்டு விஷயம் எப்படியோ அந்த அடுக்குமாடிக்கு எட்டிவிட்டது. அவள் தன் பிள்ளையோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்த்தாள். ஐந்தாவது பிள்ளையைத் தாய் குப்பை வண்டியில் உட்காரவைத்து வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தொற்று இருக்குமோ என்று அரசாங்கம் முடிவுகட்டாத பிள்ளை, ஊர்க் குப்பையோடு தெருத்தெருவாகப் போனது. தொற்றுநோய்த் தடுப்பு இலட்சணம் இது.

பதினைந்தாவது நாள் நிவாரணம் ஏதாவது உண்டா என்று ஒரு அலுவலகத்தில் கேட்கப் போனோம். எந்த அலுவலகம் என்பது இங்கே முக்கியமில்லை. அங்கே இருந்தவர் விசாரித்துவிட்டு, "என்னம்மா, கிரஷ் நடத்துறியா? லைசென்ஸ் இருக்கா? நோய் பரவினதுக்கு உன்மேலதான் கேஸ் போடணும்" என்றார். கவனியுங்கள் தோழர்களே. அதுவரை அது வேலையே இல்லை. நாலு புள்ளைங்களைச் சும்மா பார்த்துக்கொள்வது. காசு என்று கேட்ட அந்த நிமிஷத்தில் அது உரிமம் இல்லாத தொழிலாகி, குற்றமாகிவிட்டது. கூலி கேட்டால் நீ தொழிலாளி இல்லை. தண்டனை என்று வந்தால் நீ முதலாளி! குழப்பம் என்று பத்திரிகைகள் எழுதியதன் முழு உருவம் எனக்கு அந்த மேஜைக்கு முன்னால்தான் தெரிந்தது. சட்டம் தெளிவாகத்தான் இருந்தது. அதில் எங்களுக்கு இடம் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

ஏனென்றால் இந்த அரசுக்கு, பிள்ளை பார்ப்பது வேலை என்று தெரியாமல் இல்லை. 1948-ஆம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டம் முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் பிள்ளைகளுக்கு அறை வேண்டும் என்றது. 2017-ல் திருத்திய மகப்பேறு நலச் சட்டம் ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் கேட்டது. 2005-ல் வந்த ஊரக வேலைச் சட்டத்தின் அட்டவணையில், வேலைத்தளத்துக்கு ஐந்தோ அதற்கு மேலோ சின்னப் பிள்ளைகள் வந்தால் வேலைக்கு வந்த பெண்களில் ஒருத்தியைப் பிள்ளை பார்க்கவிட்டு, அவளுக்கும் கூலி கொடுக்கவேண்டும் என்று எழுதிவைத்தார்கள். நூறுநாள் வேலையில் ஏரிக்கரை மரத்தடியில் ஐந்து பிள்ளைகளைப் பார்த்தவளுக்குக் கூலி உண்டு என்று ஒப்புக்கொண்ட அரசு, பிளாக்கில் ஐந்து பிள்ளைகளைப் பார்த்தவளிடம் லைசென்ஸ் கேட்கிறது. 1928-ல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்துப் பேசிய அம்பேத்கர், அந்தச் செலவின் பெரும்பங்கை அரசாங்கமே சுமக்கவேண்டும் என்று வாதிட்டார். தாய்க்கு ஓய்வு கொடுப்பது பொதுநலன், ஆகவே பொதுப்பணம் என்பது அவருடைய கணக்கு. பிள்ளை பார்க்கிறவளுக்கு நோய் ஓய்வு என்பதும் அதே கணக்கில்தான் வரும்.

வெளிநாட்டில் எல்லாம் ஒழுங்கு என்று சொல்லவரவில்லை. இங்கிலாந்தில் தன் வீட்டிலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதைத் தொழிலாகப் பதிவுசெய்து, அரசாங்க ஆய்வுக்கு உட்பட்டு நடத்துகிறார்கள். சைல்டுமைண்டர் என்று பெயர். அங்கேயும் வீட்டில் ஒருத்தருக்கு நோய் வந்தால் திறப்பதா மூடுவதா என்று அவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். விதி திரும்பத்திரும்ப மாறியது. ஆனால் 2020 செப்டம்பர் 28 முதல் தனிமையில் இருப்பதைச் சட்டக் கடமை ஆக்கியபோது, குறைந்த வருமானக்காரர் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தால் 500 பவுண்டு உதவித்தொகை என்றும் சேர்த்து அறிவித்தார்கள். கேட்டவர்கள் பலருக்குக் கிடைக்கவில்லை என்பது வேறு. வீட்டில் உட்கார் என்றால் சோறு போடவேண்டும் என்கிற எண்ணமாவது காகிதத்தில் ஏறியது. இங்கே ஏறியது என்ன? 1897-ல் பம்பாய் பிளேக்கை முன்வைத்து வெள்ளைக்காரன் போட்ட கொள்ளைநோய்ச் சட்டமும், கதவில் ஒட்டுகிற காகிதமும், தகரமும்.

அந்தக் காகிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2020 டிசம்பர் 9-ஆம் தேதி உச்சநீதிமன்றம், பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி உரிய அதிகாரி உத்தரவிட்டால் தவிர இப்படி வீட்டு வாசலில் ஒட்டக்கூடாது என்றது. அதே வருடம் ஜூலையில் பெங்களூரில் ஒரு அடுக்குமாடியில் இரண்டு சின்னப் பிள்ளைகளோடு ஒரு தாய் உள்ளே இருக்க, கதவைத் தகரம் வைத்து அடைத்தார்கள். படம் பரவியது, மாநகராட்சி ஆணையர் மன்னிப்புக் கேட்டார், தகரம் போனது. மன்னிப்புக் கேட்டது நல்லதுதான். எங்கள் தெருக்களில் அடித்த தகரத்துக்கு யாரும் படம் எடுக்கவில்லை. ஊர் எங்களைத் தள்ளிவைப்பது ஒன்றும் புதுப்பழக்கம் இல்லை என்பதால் அது படம் எடுக்கவேண்டிய செய்தியாகத் தெரியவில்லை போல. 'சமூக இடைவெளி' என்ற சொல்லை ரேடியோவும் டிவியும் நாள் முழுக்க ஓதியபோது சேரியில் கிழவர்கள் சிரித்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே அந்தச் சொல்லை விட்டுவிட்டு உடல் இடைவெளி என்று பேசத் தொடங்கியது. இங்கே ரொம்ப நாள் அதே பாட்டு. இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தவர்கள் சொல்லை மாற்றியிருப்பார்கள்.

இனி என்ன செய்வது? கூட்டங்களில் இதைப் பேசியபோது ஒரு தோழர், இந்த வீடுகளையெல்லாம் பதிவுசெய்யச் சொல்லிப் போராடலாம் என்றார். எனக்குப் பயமாக இருக்கிறது. பதிவு என்று ஆரம்பிப்பான், உரிமம் என்பான், தீயணைப்புச் சான்று என்பான், பிள்ளைக்கு இத்தனை சதுர அடி என்பான். கடைசியில் சின்னம்மாவை மூடிவிட்டு ஒரு தனியார் சங்கிலி நிறுவனத்துக்குக் கீழ்த்தளத்தைக் கொடுப்பான். ஆனால் பெயரே எங்கும் இல்லாமல் இருந்தால் அந்த மேஜைக்கு முன்னால் மறுபடியும் குற்றவாளியாக நிற்கவேண்டும். ஆகவே உரிமம் வேண்டாம், பட்டியல் வேண்டும் என்பது என் கருத்து. அங்கன்வாடியில் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் பதிவேடு இருக்கிறது அல்லவா? அதில் பிள்ளை பார்க்கிற வீட்டுக்கும் ஒரு பக்கம். கொள்ளைநோய் வந்தால் அந்த வீட்டுக்கு மூடுகிற நாள் ஒவ்வொன்றுக்கும் அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி. மூடிய நாட்களில் பிள்ளைகளுக்கு அங்கன்வாடிக் கட்டிடத்தில் இடம், காலை ஐந்தரையிலிருந்து. அந்த அம்மாவுக்குத் தமிழில் ஒரே ஒரு தாள்: யார் தொடர்பு, எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது, எப்போது திறக்கலாம், சந்தேகம் என்றால் எந்த எண்ணில் யாரைக் கேட்கலாம். தாய்மார்களின் ஒப்பந்தக்காரனுக்கும் அதே தாள் போகவேண்டும், அந்த நாட்களுக்குக் கூலி பிடிக்கக்கூடாது என்ற வரியோடு.

அடுத்த நோய் வருவதற்கு நாள் குறித்துக்கொண்டு வராது. இதைப் படிக்கிற மாணவத் தோழர்கள் தங்கள் பகுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை செலவழித்தால் போதும். பிளாக் பிளாக்காக, தெருத் தெருவாகப் போய்க் கேளுங்கள்: புள்ள பாக்குற வீடு எது, எத்தனை பிள்ளைகள், எத்தனை வயது, தாய் எங்கே வேலைக்குப் போகிறாள், எத்தனை மணிக்கு விடுகிறாள், மாசம் எவ்வளவு கொடுக்கிறாள், 2020-லும் 2021-லும் அந்த வீடு எத்தனை நாள் மூடிக் கிடந்தது. அவர்கள் சம்மதித்தால் மட்டும் பெயரை எழுதுங்கள். எங்கள் குடியிருப்பில் இரண்டு பிளாக் முடித்திருக்கிறோம். ஏழு வீடுகள், முப்பத்தோரு பிள்ளைகள்.